மந்தையில் ஒட்டாதவர்கள்: குழந்தைக் கதைகளில் மாறுவது யார்?



சாயத்தொட்டியில் விழுந்த நரியைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. நாய்கள் துரத்த, தப்பி ஓடிய நரி சாயக்காரன் வீட்டு நீலத் தொட்டிக்குள் விழுகிறது. வெளியே வரும்போது உடம்பெல்லாம் நீலம். இப்படி ஒரு பிராணியை இதற்குமுன் பார்த்திராத காட்டு விலங்குகள் மிரண்டுபோகின்றன. நரியும் சமயம் பார்த்து, உங்களை ஆளக் கடவுள் என்னை அனுப்பினார் என்று சொல்லி அரசுக்கட்டில் ஏறுகிறது. முதல் வேலையாகச் சொந்த இனத்து நரிகளைக் காட்டைவிட்டுத் துரத்துகிறது. ஒருநாள் தொலைவில் நரிகள் ஊளையிட, தன்னை மறந்து இதுவும் ஊளையிடுகிறது. வேடம் கலைகிறது. சிங்கமும் புலியும் சேர்ந்து கதையை முடித்துவிடுகின்றன.

பஞ்சதந்திரத்துக் கதை இது. 1826இல் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் அச்சுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பும் பின்பும் வீட்டுத் திண்ணையில் இந்த வகைக் கதைகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. இளவரசர்களுக்கு அரசியல் கற்பிக்கப் பிறந்த நூல் என்பதால், யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்பதே அதன் கவலை. ஆகவே கூட்டத்தின் வன்முறை அங்கே நியாயத் தீர்ப்பாகவே வருகிறது. நரிக்காக யாரும் அழுவதில்லை.

இனி அதே சாயம், அதே சத்தம், முற்றிலும் வேறான முடிவு கொண்ட ஒரு கதை. 1968இல் இங்கிலாந்தின் டேவிட் மெக்கீ எழுதி வரைந்த படக்கதை 'எல்மர்'. சாம்பல் நிற யானைக் கூட்டத்தில் ஒரு யானை மட்டும் ஒட்டுத்துணிப் போர்வைபோலப் பல நிறக் கட்டங்களோடு இருக்கிறது. கூட்டத்தைச் சிரிக்கவைப்பதும் அதுதான். ஒருநாள் இரவு தூக்கம் வராமல் கிடக்கும்போது, எல்லோரும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று எல்மருக்கு ஐயம் வருகிறது. விடியுமுன் நழுவிப் போய், யானை நிறப் பழங்கள் காய்க்கும் புதரை உலுக்கி, உதிர்ந்த பழங்களில் புரண்டு எழுகிறது. இப்போது அதுவும் சாம்பல் யானை. கூட்டத்துக்குத் திரும்பினால் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லா யானைகளும் இறுகிய முகத்தோடு அசையாமல் நிற்கின்றன. பொறுக்கமாட்டாமல் எல்மர் ஒரு கத்துக் கத்துகிறது. திடுக்கிட்ட யானைகள், இந்தக் குறும்பு எல்மருடையதுதான் என்று விழுந்து விழுந்து சிரிக்கின்றன. மழை கொட்டிச் சாயம் கரைகிறது. அன்றுமுதல் ஆண்டுக்கு ஒருநாள் மற்ற யானைகளெல்லாம் வண்ணம் பூசிக்கொள்ள, எல்மர் மட்டும் சாம்பலாக வரும் திருவிழா நடக்கிறது.

மெக்கீயின் மனைவி ஆங்கிலோ-இந்தியர். டெவன் பகுதியில் குடும்பத்தோடு நடந்துபோனபோது தம் மகளைப் பார்த்து ஒரு சிறுவன் நிறவெறிச் சொல் ஒன்றைக் கத்தியதைப் பின்னாளில் அவர் நேர்காணலில் நினைவுகூர்ந்தார். அந்தச் சொல்லுக்குப் பதிலாக அவர் எழுதியது கோபமான கதையாக இல்லை. வேடிக்கையான கதையாக அமைந்தது.

நரி ஆள்வதற்காக நிறத்தைப் பயன்படுத்தியது, எல்மர் ஒளிவதற்காக. ஒன்று வஞ்சகம், மற்றது வெட்கம். எனவே இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நரிக்குச் சலுகை காட்டுவதாகும் என்று யாரேனும் மறுக்கலாம், சரிதான். ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு கேள்வி கிடைக்கிறது. கூட்டத்தோடு ஒட்டாத ஒரு பிள்ளையைப் பற்றிய எந்தக் கதையிலும் கடைசிப் பக்கத்தில் மாறியிருப்பது யார்? பிள்ளையா, கூட்டமா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு புகழ்பெற்ற சில கதைகளுக்குள் நுழைந்தால், அன்பான கதை என்று நாம் நினைத்திருந்த சிலவற்றின் உள்ளே கொஞ்சம் கடுமை இருப்பது தெரியும்.

எல்மரை 1989இல் மறுபதிப்புச் செய்து உலகெங்கும் கொண்டுசேர்த்த லண்டன் பதிப்பகத்தின் பெயர் ஆண்டர்சன் பிரஸ். அந்தப் பெயருக்கு உரிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன்தான் இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் முன்னோடியான 'அழகற்ற வாத்துக்குஞ்சு' கதையை எழுதியவர். 1843 நவம்பரில் கோபன்ஹேகனில் வெளிவந்தது. 1805இல் ஓடென்சே நகரில் செருப்புத் தொழிலாளி ஒருவருக்கும் துணி வெளுத்துப் பிழைத்த தாய்க்கும் பிறந்தவர் ஆண்டர்சன். 14 வயதில் தனியே தலைநகருக்குப் போய்ப் பாட்டு, ஆட்டம், நடிப்பு என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றிலும் நிலைக்கமுடியவில்லை. நெட்டை உருவமும் பெரிய மூக்கும் கேலிக்கு ஆளாயின.

கதையின் நடுவே ஒரு கிழவியின் குடிசை வருகிறது. அங்கே ஒரு பூனையும் ஒரு கோழியும் அதிகாரம் செய்கின்றன. அடைக்கலம் தேடி வந்த குஞ்சிடம் கோழி கேட்கிறது: உனக்கு முட்டையிடத் தெரியுமா? தெரியாது. பூனை கேட்கிறது: முதுகை வளைத்து உறுமத் தெரியுமா? அதுவும் தெரியாது. அப்படியானால் வாயைத் திறக்காதே என்று இரண்டும் தீர்ப்புச் சொல்கின்றன. தண்ணீரில் மிதப்பது எவ்வளவு சுகம் என்று குஞ்சு சொல்லும்போது, உனக்குப் பைத்தியமா, ஊரிலேயே புத்திசாலியான பூனையைக் கேட்டுப் பார், அது நீந்த விரும்புமா என்று கோழி அதட்டுகிறது. இரண்டே பாடம் உள்ள பள்ளிக்கூடம், அந்த இரண்டிலும் தேறாத ஒரு மாணவர். 180 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் காட்சியின் கூர் மழுங்கவில்லை.

ஆனால் முடிவு? குஞ்சு அன்னமாக வளர்ந்து, நீரில் தன் நிழலைப் பார்த்து மகிழ்கிறது. வாத்துப் பண்ணை அப்படியேதான் இருக்கிறது. எந்த வாத்தும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அன்னத்தின் முட்டையிலிருந்து வந்திருந்தால் போதும், வாத்துக்கூட்டில் பிறந்தது ஒரு பொருட்டில்லை என்று ஆண்டர்சனே கதைக்குள் சொல்லிவிடுகிறார். குஞ்சு தப்பித்தது அதன் பிறப்பால். சாதி பார்த்துப் பழகிய ஒரு சமூகத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு இந்த இடம் நெருடாமல் போகாது. நிஜமாகவே அழகில்லாத, வளர்ந்தும் அன்னமாக ஆகப்போகாத ஒரு வாத்துக்குஞ்சுக்கு இந்தக் கதையில் இடமில்லை.

அடுத்தது அமெரிக்கா, 1939. சிகாகோவின் மான்ட்கோமரி வார்ட் என்ற பெரிய வணிக நிறுவனம், கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வரும் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு புத்தகம் இலவசமாகக் கொடுத்துவந்தது. அந்த ஆண்டு வெளியில் வாங்காமல் தானே ஒன்றைத் தயாரிக்க நினைத்தது. பொறுப்பு, அங்கே விளம்பர வாசகம் எழுதும் ராபர்ட் மே என்பவரிடம் வந்தது. அந்தக் கோடையில்தான் அவர் மனைவி புற்றுநோயால் இறந்தார். நான்கு வயது மகளுக்குப் படித்துக் காட்டிக் காட்டி அவர் எழுதி முடித்தது, ஒளிரும் சிவப்பு மூக்குக்காகக் கேலி செய்யப்படும் 'ருடால்ஃப்' என்ற கலைமானின் கதை. ஏறத்தாழ 24 லட்சம் படிகள் அந்தப் பருவத்திலேயே கைக்குக் கை போயின. 1949இல் ஜானி மார்க்ஸ் அதைப் பாட்டாக்கினார். ஜீன் ஆட்ரி பாடினார். பிறகு அது உலகம் சுற்றியது.

மூடுபனி இரவில் வழி தெரியாமல் தவிக்கும் சாண்டா கிளாஸுக்கு அந்த மூக்கின் வெளிச்சம் உதவுகிறது. உதவிய பிறகு ருடால்ஃபை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். பனி மூடாமல் வானம் தெளிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதை அந்தப் பக்கம் போவதே இல்லை. பேச்சு வராத பிள்ளைக்கு ஓவியம் வரும், நடக்கமுடியாத பிள்ளைக்குக் கணக்கு வரும் என்று ஈடு தேடிப் பேசும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. ஆறுதலாகச் சொல்வதுதான். ஆனால் சுமாராகப் படித்து, சுமாராகப் பாடி, எந்த ஈடும் காட்டாமல் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இந்தக் கணக்கில் எங்கே நிற்கும்?

இந்தக் கணக்கையே கிழித்துப் போட்ட ஒரு மாடு உண்டு. மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் படம் வரைந்த 'ஃபெர்டினாண்டின் கதை' 1936இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஸ்பெயின் நாட்டுக் காளைக்கன்றுகள் எல்லாம் முட்டி மோதி விளையாட, ஃபெர்டினாண்டு மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து பூ வாசம் பிடிக்கிறது. தனியாக இருக்கிறதே, மனம் வாடுமோ என்று தாய்ப்பசு கவலையோடு வந்து விசாரிக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்கிறது கன்று. தாய் அதன் முகத்தைப் பார்க்கிறது, வாட்டமில்லை என்று தெரிந்துகொள்கிறது, மேற்கொண்டு வற்புறுத்தாமல் போய்விடுகிறது. பெற்றோருக்கான பாடமாக எத்தனையோ நூல்கள் வந்திருக்கின்றன. இந்த ஒரு பக்கத்தின் சுருக்கம் அவற்றுக்கு வாய்க்கவில்லை.

பிறகு ஒரு தேனீயின் மேல் உட்கார்ந்துவிட்டு ஃபெர்டினாண்டு துள்ளிய துள்ளலைப் பார்த்து, இதுதான் முரட்டுக் காளை என்று மாட்ரிட் நகர அரங்கத்துக்குப் பிடித்துப் போகிறார்கள். அங்கேயும் அது சண்டையிடவில்லை. பெண்கள் தலையில் சூடிய பூக்களின் மணத்தை அனுபவித்தபடி அரங்கத்தின் நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு நன்மையும் செய்யாமல், ஒருவரையும் காப்பாற்றாமல், தன் இயல்போடு மரத்தடிக்குத் திரும்பிய நாயகன். சல்லிக்கட்டு மண்ணில் பிறந்த வாசகருக்கு இந்தக் காளை கூடுதல் சிரிப்பைத் தரும்.

புத்தகம் வந்த நேரம் அப்படி. 1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது. செப்டம்பரில் சண்டையிட மறுக்கும் ஸ்பானியக் காளை கடைக்கு வந்தது. அமைதிவாதப் பிரசாரம் என்று ஒரு சாரார் சாடினார்கள். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் அது தடை செய்யப்பட்டது. வால்ட் டிஸ்னி எடுத்த குறும்படம் 1938ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. சும்மா உட்கார்ந்திருந்த ஒரு காளை அரசாங்கங்களைக் கோபப்படுத்தியது என்றால், எல்லோரும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பில் அரசியல் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை ஊகிக்கலாம்.

இதுவரை சொன்னவை வாத்து, மான், காளை, யானை. விலங்குகளுக்குள் ஒளிந்து சொல்வது எளிது. மனிதப் பிள்ளைகளை வைத்து, அதுவும் நடந்ததையே எழுதி, கூட்டத்தையும் இடத்தையும் மாற்றிக் காட்டிய நூல் ஜப்பானிலிருந்து வந்தது. தொலைக்காட்சிக் கலைஞர் டெட்சுகோ குரோயாநாகி 1981இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' அது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழிலும் வந்து, நம் ஆசிரியர்கள் பலர் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த நூல்.

டோட்டோ-சான், அதாவது சிறுமியாக இருந்த குரோயாநாகி, முதல் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு நீக்கப்பட்டவள். மேசையின் மூடியை ஓயாமல் திறந்து திறந்து மூடினாள், ஜன்னலருகே நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள், கூடு கட்டும் குருவிகளோடு பேசினாள். இவையே குற்றங்கள். நீக்கப்பட்ட செய்தியை அம்மா அவளிடம் சொல்லவே இல்லை. மகளுக்கு 20 வயது ஆன பிறகுதான் சொன்னார். வேறு பள்ளியைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டு, டோக்கியோவின் டோமோயி பள்ளிக்கு அழைத்துப் போனார். பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக நின்ற பள்ளி. தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி அம்மாவை அனுப்பிவிட்டு, நாற்காலியைச் சிறுமியின் எதிரே இழுத்துப் போட்டு, என்ன வேண்டுமானாலும் பேசு என்றார். நான்கு மணி நேரம் அவள் பேசினாள். அவர் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டார்.

அந்தப் பள்ளியில் போலியோவால் கைகால் பாதித்த பிள்ளை உண்டு, வளர்ச்சி நின்று கைகால் குட்டையாகிப்போன தகஹாஷி என்ற பையனும் உண்டு. அவர்களைப் பார்த்து இரக்கப்படுங்கள் என்று கோபயாஷி ஒருநாளும் பிரசங்கம் செய்யவில்லை. ஏற்பாடுகளை மாற்றினார். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் உடையின்றி இறங்கலாம் என்று விட்டார். எல்லா உடம்பும் அழகானது என்பது பழக்கத்திலேயே பதியட்டும், உடற்குறை உள்ள பிள்ளைக்குக் கூச்சம் வேரூன்றாமல் போகட்டும் என்பது அவர் எண்ணம். விளையாட்டு விழாவுக்கு அவரே போட்டிகளைக் கண்டுபிடித்தார். துணியால் செய்த பெரிய மீன்களின் வயிற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் வரவேண்டும். உயரம் குறைந்த படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடவேண்டும். நெட்டைப் பிள்ளைகள் மீனுக்குள் சிக்கித் திணறவும் படியில் தடுமாறவும், தகஹாஷி சர்ரென்று போய் முதலாவதாக வந்தான். பரிசுகள் முள்ளங்கி, கீரை, கிழங்கு. வெட்கப்பட்ட பிள்ளைகளிடம், உன் உழைப்பில் வீட்டுக்கு இன்று கறி கிடைத்தது என்று சொல் என்றார் தலைமையாசிரியர்.

தகஹாஷி ஒரு அங்குலம்கூட வளரவில்லை என்பது இங்கே கவனிக்கவேண்டியது. மாறியது போட்டியின் விதி. உயரமானவர்கள் மட்டுமே வெல்லக்கூடிய போட்டிகளையும் யாரோ ஒருவர்தான் ஒரு காலத்தில் உட்கார்ந்து வகுத்திருப்பார்.

இன்னொரு காட்சி. பரிணாமம் பற்றிய பாடத்தின் நடுவே, மனிதருக்கும் ஒரு காலத்தில் வால் இருந்தது என்று சொல்லிச் சிரித்த ஆசிரியை, தகஹாஷியிடம், உனக்கு இன்னும் இருக்கிறதோ என்று வேடிக்கையாகக் கேட்டுவிடுகிறார். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பள்ளி முடிந்தபின் சமையலறையில் தலைமையாசிரியர் அந்த ஆசிரியையைக் கடுமையாகக் கண்டிக்கும் குரல் டோட்டோ-சானுக்குக் கேட்கிறது. மற்ற ஆசிரியர்கள் காதில் விழவேண்டாம் என்பதற்காகவே அவர் சமையலறையைத் தேர்ந்தெடுத்திருந்தார். பிள்ளையின் மானத்தையும் காத்தார், தவறு செய்தவரின் மானத்தையும் காத்தார். 1945இல் வான்குண்டு வீச்சில் டோமோயி எரிந்துபோனது. பல லட்சம் படிகள் விற்ற நூலின் வருவாயைக் கொண்டு குரோயாநாகி ஓர் அறக்கட்டளை நிறுவி, காது கேளாத நடிகர்களுக்குப் பயிற்சி அளிக்க வழிசெய்தார்.

நம் பள்ளிகளுக்கு வருவோம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களைப் பட்டியலிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக விரித்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளையும், எழுத்துகளைப் படிக்கச் சிரமப்படவைக்கும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் இன்று சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறார்கள். எல்லோரோடும் சேர்ந்து படிக்கும் உரிமையும் அதில் இருக்கிறது. சட்டம் பெஞ்சில் இடம் வாங்கிக் கொடுக்கும். பக்கத்தில் உட்கார்பவர் தோளில் கை போட வைப்பதற்கு வேறு வேலைகள் தேவை. நல்ல கதை அவற்றில் ஒன்று.

சென்னையின் தூலிகா பதிப்பகம் இந்த வேலையைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் செய்துவருகிறது. சென்னை முதலைப் பண்ணையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜய் விட்டேக்கர் எழுதிய 'கண்ணா பன்னா' அதன் வெளியீடு. வீட்டில் வாயே திறக்காத கண்ணா, குடும்பத்தோடு குகைக்கோயில் பார்க்கப் போகிறான். திடீரென்று விளக்குகள் அணைந்து எல்லோரும் பதறும்போது அவன் வழிகாட்டி வெளியே கொண்டுவருகிறான். கண்ணாவுக்குப் பார்வை இல்லை என்பது அதன்பிறகே வாசகருக்கு உறைக்கிறது. கறாராகப் பார்த்தால் இதுவும் ருடால்ஃபின் தம்பிதான். இருட்டில் பயன்பட்டதால் கிடைத்த பாராட்டு. ஆனால் அவன் குறையை முதல் பக்கத்திலேயே நம் கையில் கொடுக்காமல், முதலில் ஒரு பையனாக அவனைப் பழக்கிவிடும் நுட்பம் இதில் உண்டு. தாரிணி விஸ்வநாத் எழுதிய 'கேட்ச் தட் கேட்' இன்னும் ஒரு படி போகிறது. சக்கர நாற்காலியில் வரும் டிப் டிப் குறும்புக்காரி. தோழியின் பூனையைத் தேடி மரம்வரை போய்விடுகிறாள். சக்கர நாற்காலி படத்தில் இருக்கிறது. அதைப் பற்றிக் கதை விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்பதில்லை.

இவற்றையெல்லாம் எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியே நின்று பார்த்தவர்கள். ஆர்.ஜே. பலாசியோ 2012இல் எழுதிப் பெரும் வெற்றி பெற்ற 'வொண்டர்' நாவலும் அப்படித்தான். ஐஸ்கிரீம் கடையில் முக அமைப்பு மாறுபட்ட ஒரு குழந்தையைப் பார்த்துத் தம் சிறிய மகன் அழுதபோது, பதற்றத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறிய நிகழ்ச்சியே அந்த நாவலின் விதை என்று பலாசியோ சொல்லியிருக்கிறார். கதையை முக அமைப்பு மாறுபட்ட நாயகச் சிறுவன் மட்டும் சொல்லாமல் அவன் அக்காவும் நண்பர்களும் மாறி மாறிச் சொல்வது அதன் பலம். கடைசியில் அவன் மேடையேறிப் பதக்கம் வாங்க, அரங்கமே எழுந்து கைதட்டுவது அதன் பலவீனம். பள்ளிக்கு வந்துபோனதற்கே ஒரு பிள்ளைக்கு ஏன் பதக்கம் என்று மாற்றுத்திறனாளி வாசகர்கள் சிலர் கேட்டார்கள்.

உள்ளேயிருந்து எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் சீசி பெல் 2014இல் தந்த 'எல் டெஃபோ' என்ற படநாவல் ஓர் எடுத்துக்காட்டு. நான்கு வயதில் மூளை உறைக் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர் அவர். நூலில் வரும் எல்லோரையும் முயல்களாக வரைந்தார். காதுக்கு அவ்வளவு இடம் வேறு எந்த உருவத்தில் கிடைக்கும்? காது கேட்கும் கருவியின் பேட்டரி தீரத் தீரப் பேச்சுக் குமிழிக்குள் எழுத்துகள் மங்கி மங்கி வெறுமையாகின்றன. அந்தக் கருவியோடு இணைந்த மைக்கை ஆசிரியை கழுத்தில் மாட்டியபடியே ஓய்வறைக்கும் கழிப்பறைக்கும் போக, அங்கே நடப்பதெல்லாம் சிறுமி சீசியின் காதில் விழுகிறது. அதைத் தன் அதிசய சக்தியாக அவள் எடுத்துக்கொள்கிறாள். கூடவே ஒரு தோழி வருகிறாள். மிக நல்லவள். சீசிக்குக் காது கேளாது என்று தெரிந்ததிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் நீட்டி நீட்டி, உரக்க உரக்கப் பேசுகிறாள். அந்த அன்பு எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை வெளியே நிற்கும் எழுத்தாளர் கற்பனை செய்வது கடினம். அடுத்த ஆண்டு அந்த நூலுக்குக் குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி விருதின் சிறப்பு அங்கீகாரம் கிடைத்தது.

அப்படிப்பட்ட நூல்களைத் தமிழில் எழுதப்போகிறவர்கள் இப்போது நம் தொடக்கப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' போன்ற இதழ்கள் இருக்கின்றன. பொதுத்தேர்வில் எழுதமுடியாத மாணவருக்குச் 'சொல்வதை எழுதுபவர்' ஒருவரை அரசு ஏற்பாடு செய்து தருகிறது. தேர்வுக்குச் செய்யும் அந்த ஏற்பாட்டைக் கதைக்கும் செய்யலாம். வாரத்தில் ஒரு பாடவேளை ஓர் ஆசிரியரோ மூத்த மாணவரோ அருகில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை சொல்வதைத் திருத்தாமல், அழகுபடுத்தாமல், அப்படியே எழுதி இதழுக்கு அனுப்பலாம். எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கட்டும். ஊனத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்க்கவேண்டாம்.